போடிமெட்டு ஏத்தத்தில் நழுவாத ஓவர்டிரைவ்: பழைய ஜீப்பின் லீவரை மாற்றிய அனுபவம்

என் ஜீப்பின் பின் ஆக்சில் விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றுக்கும் மேல் சுற்றியாக வேண்டும். 1964 மாடல் மகிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் வண்டி, நான்கு சிலிண்டர் ஹரிக்கேன் இன்ஜின். பூப்பாறைக்கு மேலே தோட்டத்துக் கல்பாதையில் ஏலக்காய் மூட்டையும் ஆட்களுமாக ஏறும்போது இந்த விகிதத்தின் அருமை தெரியும். அதே வண்டியைத் தேனி ரோட்டில் விட்டால்தான் பாவமாக இருக்கும். 6.00-16 டயரில் 60 கி.மீ. வேகம் போக, டாப் கியரிலேயே இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2400 சுற்று சுற்றும். 80-ஐத் தொட்டால் 3200. அறுபது வயதைத் தாண்டிய இன்ஜினை அப்படி அலறவிட்டு ஓட்ட எனக்கு மனசு வராது.

எங்கள் பக்கத்துப் பிழைப்பு இரண்டு தரையில் நடக்கிறது. வீடு போடியில், தோட்டம் கேரளத்தில். காலையில் முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் செக்போஸ்ட் கடந்து தோண்டிமலை வழியாகப் பூப்பாறை. சாயங்காலம் அதே வழியில் இறக்கம். ஏலம், வங்கி, உதிரிபாகம் என்று கீழே வேலை இருந்தால் சமதளத்தில் தேனி வரை ஓட்டம். மலைக்கு ஏற்ற ஆக்சில் கீழே சரிப்படாது, கீழே சரிப்படுவது மலைக்கு உதவாது. ஆக்சிலையே மாற்றி விகிதத்தைக் குறைத்தவர்கள் உண்டு. அவர்கள் வண்டி லோடோடு ஏறும்போது கிளட்ச் கருகும் வாடை பின்னால் வருகிறவனுக்கே தெரியும்.

இதற்கு ஒழுங்கான விடை ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றைக் குறைத்துக் கொடுக்கும் கூடுதல் கியர். இரண்டு விகிதத்தையும் ஒரே வண்டியில் வைத்துக்கொள்ளும் யோசனை பழையது. அமெரிக்காவில் 1930-களின் ஃபோர்டு வி8 கார்களுக்குக் கொலம்பியா என்ற இரட்டை வேக ஆக்சில் கிடைத்தது. பின் ஆக்சிலுக்குள்ளேயே கோள் பற்சக்கரங்கள், அதை மாற்ற இன்ஜினின் உறிஞ்சு சக்தியான வாக்குவம். லாரிகளில் ஈட்டன் இரட்டை வேக ஆக்சில் வந்தது. சென்னையில் பாகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்ட ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்கு, கியர் பாக்ஸின் பின்னால் மாட்டும் லேக்காக் ஓவர்டிரைவ் இங்கிலாந்தில் கூடுதல் வசதியாகக் கிடைத்தது. ஜீப்புக்கு அதைச் செய்தவர்களில் பெயர் பெற்றது வார்ன். 1948-ல் வில்லிஸ் ஜீப்பின் முன் சக்கரத்துக்கு, வேண்டும்போது மட்டும் அதை ஆக்சிலோடு சேர்க்கும் லாக்கிங் ஹப் செய்து தொடங்கிய அதே நிறுவனம்தான்.

ஜீப்பில் இது உட்காரும் இடம் அழகானது. கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்பக்கம் நீண்டு, இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைகிறது. அதன் நுனியில் ஒரு பற்சக்கரம். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் சக்தி அதிலிருந்துதான் பிரிகிறது. அதற்கு நேர் பின்னால், டிரான்ஸ்ஃபர் கேஸின் சுவரில் ஒரு மூடி இருக்கும். வின்ச், பெல்ட் புல்லி மாதிரி வேலைக்கருவி மாட்டுவதற்காக விட்ட வாசல் அது. ஓவர்டிரைவ் அந்த வாசல் வழியாக நுழைந்து அந்தப் பற்சக்கரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘டைரக்ட்’டில் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். ‘ஓவர்’ போட்டால் மெயின் ஷாஃப்ட் முக்கால் சுற்று சுற்றும்போதே பற்சக்கரம் முழுச் சுற்று முடித்துவிடும். பிரிவதற்கு முன்னாலேயே வேகம் கூடுவதால் இரண்டு ஆக்சிலுக்கும் ஒரே அளவுதான் போகும். நாலு சக்கர ஓட்டத்தில் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டாது. 80-ல் போனாலும் இன்ஜின் 60-ல் சுற்றிய அதே 2400-ல் நிற்கும்.

என் வண்டியில் இந்த யூனிட் ஏற்கெனவே இருந்தது. ராஜாக்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த முந்தைய உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. யூனிட் நல்ல சரக்கு. அதை இயக்க அவர் எங்கோ செய்து வாங்கிய லீவர்தான் வில்லங்கம். சமதளத்தில் போட்டால் நிற்கும். ஏத்தத்தில் செகண்டில் போட்டு அழுத்தினால் ‘டக்’கென்று கழன்று விழுந்துவிடும்.

விழுவது டைரக்ட்டுக்குப் போய் விழுந்தாலும் பரவாயில்லை, நடுவில் விழும். டைரக்ட்டுக்கும் ஓவருக்கும் நடுவே என் யூனிட்டில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அங்கே நின்றால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. ஏத்தத்தில் நடந்தால் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நின்று பின்னால் சரியும். இறக்கத்தில் நடந்தால் இன்ஜின் பிடிப்பு ஒரே நொடியில் போய்விடும், மிச்சமிருப்பது பழைய டிரம் பிரேக் மட்டும். புலியூத்துக்கு மேலே பனி மூடிய நேரத்தில், எதிரே ஆள் ஏற்றிய ஜீப் வரும் வளைவில் அப்படி ஆனால் என்னவாகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். இதைச் சரி செய்யாமல் மலை ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பட்டறைகளில் வழக்கமாகச் சொல்வது, “உள்ளே பல் தேஞ்சிருக்கும், இறக்கிப் பாத்துரலாம்.” போடியில் எனக்குப் பழக்கமான மேஸ்திரி வேறு மாதிரி. அந்தக் காலத்து ஜீப்புகளோடு வளர்ந்தவர். அவர் செய்த முதல் வேலை, லீவரை யூனிட்டிலிருந்து கழற்றிவிட்டு, யூனிட்டின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆர்மை ஸ்பேனரால் தள்ளிப் பார்த்தது. முன்னே தள்ளினால் ஒரு கிளிக், பின்னே இழுத்தால் ஒரு கிளிக். இரண்டும் சுத்தமாக, கைக்குத் தெரிகிற மாதிரி விழுந்தன.

“தம்பி, உள்ள பால்ரஸ்ஸும் ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருக்கு. பிடிச்சு வைக்கிறது அதோட வேலை. உங்க லீவர் அத அந்த வேலையச் செய்ய விடல.”

“எப்படிண்ணே சொல்றீங்க?”

“லீவர் எதுல மாட்டியிருக்கு பாருங்க.”

லீவர் வண்டியின் தரைத் தகட்டில் மாட்டியிருந்தது. தரை பாடியோடு சேர்ந்தது. யூனிட்டோ இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற ஒரே தொடரின் வாலில் தொங்குகிறது. அந்தத் தொடர் முழுக்க ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் வரும்போது அது முறுக்கும், எழும்பும், முன்னும் பின்னும் நகரும். தரை நகராது. நடுவில் இருக்கும் ராடு என்ன செய்யும்? ஆர்மை இழுக்கும். கை வைக்காமலே கியர் கழன்றுவிடும்.

சொன்னதை நம்புவதோடு நிற்காமல் அளந்து பார்த்தோம். இதை யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் ஒருவர் மிதித்துக்கொள்ள வேண்டும். யூனிட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அதற்கு நேராகத் தரையின் அடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கட்டிவிட்டு, மொபைலைக் கீழே சாய்த்து வைத்து வீடியோ. வண்டிக்கு அடியிலோ முன்னாலோ பின்னாலோ ஆள் இருக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, பிடிக்கும் இடம் வந்ததும் திரும்ப மிதிக்க வேண்டும். ரிவர்ஸிலும் அதே மாதிரி ஒரு முறை.

வீடியோவில் கோடு ஸ்கேலைத் தாண்டி 8 மி.மீ. நகர்ந்தது. ஆர்மின் ஒரு கிளிக்கிலிருந்து மறு கிளிக் வரை மொத்த ஓட்டமே 24 மி.மீ., நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 12. அதில் 8-ஐ முறுக்கு தின்றுவிடுகிறது. லீவரின் பின்களோ முட்டை வடிவில் தேய்ந்து கிடந்தன, அது ஒரு 3 மி.மீ. மிஞ்சுவது 1 மி.மீ. நுனி விரலால் கிளையைப் பிடித்துத் தொங்குவது போல, பல்லின் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு அந்த கியர் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டியில் எந்த கியர் கழன்றாலும் பலர் பெட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்கும் முன் லீவரைக் கழற்றிவிட்டு நேரடியாகத் தள்ளிப் பாருங்கள். கிளிக் சுத்தமாக இருந்தால் நோய் பெரும்பாலும் வெளியேதான். கிளிக்கே இல்லை, அல்லது மணல் அரைப்பது போல் இருக்கிறது என்றால் பிரிக்கத்தான் வேண்டும்.

லீவரைத் தொடுவதற்கு முன் ரப்பரைப் பார்த்தோம். இன்ஜின் மவுண்டிங் இரண்டும் ஆயிலில் ஊறிச் சதசதவென்று இருந்தன. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே உள்ள ரப்பரும் உட்கார்ந்துவிட்டது. இந்த ஜீப்புகளில் இன்ஜினின் பின்பக்கத்துக்கும் சேசிஸ் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே ஒரு ஸ்டே கேபிள் உண்டு. கிளட்ச் மிதிக்கும்போது இன்ஜின் நகராமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. என் வண்டியில் அதைக் காணவே காணோம். எப்போதோ கியர் பாக்ஸ் இறக்கியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டிருக்க வேண்டும். இப்படிக் கேபிள் இல்லாமல் ஓடும் ஜீப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளட்ச் விடும்போது வண்டி குதிக்கிறது என்று பிளேட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரப்பர்கள் புதிதாகி, கேபிளும் தொய்வில்லாமல் மாட்டியதும் அந்த 8 மி.மீ. 3 ஆகக் குறைந்தது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் கூடாது. ரப்பர் என்பதே கொஞ்சம் நகர்வதற்காக வைத்தது. அந்த 3 மி.மீ. லீவரைப் பாதிக்காத மாதிரி லீவரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

என்னென்ன வழி என்று யோசித்ததில் நாலு கிடைத்தது.

வாக்குவத்தில் இயக்கலாம், கொலம்பியா ஆக்சில் மாதிரி. பெட்ரோல் வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து உறிஞ்சு சக்தி சும்மா கிடைக்கிறது. ஆனால் ஏத்தத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் அந்த உறிஞ்சல் மிகக் குறைவாக இருக்கும். டீசல் மாற்றிய ஜீப்புகளில் தனியாகப் பம்ப் வைத்தால்தான் உண்டு. நமக்குத் தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிற சக்தியை மலைக்கு நம்ப முடியாது.

கரண்டில் இயக்கலாம். சோலினாய்டோ சின்ன மோட்டாரோ. ஒயரிங் சுத்தமாக இருந்தால் நல்ல வழிதான். எங்கள் தோட்டத்துப் பாதையில் மழைக்காலத்தில் வண்டியின் அடிவயிறு வரை சேறு. அங்கே ஒரு கனெக்டர் பச்சை பூத்தால் தேடிக் கண்டுபிடிக்க நாள் போகும்.

இழுத்தும் தள்ளியும் இயக்கும் கேபிள் மூன்றாவது. இதை நான் நிறையவே யோசித்தேன். கேபிளின் வெளி உறையை யூனிட்டிலேயே பிடித்துவிட்டால், பாடி எவ்வளவு ஆடினாலும் கேபிள் வளைந்து கொடுத்துவிடும், ஆர்மை இழுக்காது. லீவரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தார் ரோட்டில் மட்டும் ஓடும் பழைய காருக்கு இதைத்தான் சொல்வேன். என் வண்டிக்கு வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், கேபிள் உள்ளே துரு ஏறினால் மெல்ல மெல்லக் கனமாகும், கைக்குக் கிளிக் தெரியாமல் போகும். கேபிள் கெட்டுவிட்டால் மேலே மலையில் எங்கும் கிடைக்காது.

நாலாவது, லீவரின் அச்சையே யூனிட்டின் மேல் வைப்பது. யூனிட்டோடு லீவரும் சேர்ந்து ஆடும். இரண்டுக்கும் இடையே நகர்வு என்ற பேச்சே இல்லை. பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ எந்த லேத்திலும் இதன் எல்லாப் பாகத்தையும் திரும்பச் செய்துகொள்ளலாம். இதையே செய்தோம்.

6 மி.மீ. பட்டைத் தகட்டில் ஒரு பிராக்கெட். யூனிட்டை டிரான்ஸ்ஃபர் கேஸோடு பிடிக்கும் போல்ட்டுகளில் மேலே உள்ள இரண்டில் அது உட்காருகிறது. தகட்டின் தடிமன் எவ்வளவோ, பழைய போல்ட்டைவிட அவ்வளவு மட்டும் நீளம் கூடிய போல்ட் போட வேண்டும். அதற்கு மேல் கூடினால் போல்ட் துளையின் அடியில் முட்டி நிற்கும், முறுக்கியது போலத் தெரியும், ஆனால் பிடித்திருக்காது. இன்னும் முறுக்கினால் வார்ப்பு விரியும். துளை உள்ளே ஆயில் வரை போகிறதா என்றும் பார்த்துக்கொண்டு, போகிறது என்றால் மரையில் சீலன்ட் தடவ வேண்டும்.

லீவரின் அச்சுக்குக் கன்மெட்டல் புஷ், கிரீஸ் நிப்பிளோடு. பூப்பாறையில் லேத் வைத்திருக்கும் சேட்டன் கடைந்து கொடுத்தார். அச்சுக்குக் கீழே ஒரு பங்கு, மேலே நாலு பங்கு என்று லீவரின் நீளத்தைப் பிரித்தோம். ஆர்ம் 24 மி.மீ. நகர, கை பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். இன்னும் நீட்டினால் லேசாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். கையின் பலம் அத்தனை மடங்காகப் பெருகி உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கில் போய் விழும். கொஞ்சம் கனமாக இருந்தால்தான் உள்ளே நடப்பது கைக்குத் தெரியும்.

நான் மிகவும் விரும்பிச் செய்த பாகம் லீவரையும் ஆர்மையும் இணைக்கும் குட்டை இணைப்பு. இதற்கான யோசனை ஈட்டன் ஆக்சிலிலிருந்து வந்தது. மின்சாரத்தில் மாற்றும் அந்த ஆக்சில்களில் மோட்டார் நேராக கியரைத் தள்ளுவதில்லை. ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி வைத்துவிட்டு நின்றுவிடும். டிரைவர் ஆக்சிலேட்டரை விட்டு, பல்லின் மேலுள்ள அழுத்தம் தளரும் அந்த நொடியில், காத்திருந்த ஸ்பிரிங் கியரைத் தள்ளிவிடும். பல்லோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை.

அதையே சிறிதாகச் செய்தோம். ஒரு குழாய்க்குள் 10 மி.மீ. ராடு, ராடில் ஒரு வளையம், வளையத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங். பழைய டூ-வீலர் கிளட்ச் ஸ்பிரிங்குகள் அளவாக அமைந்தன. லீவரைத் தள்ளினால் முதலில் ஸ்பிரிங் அமுங்கும். பல் இடம் கொடுக்கும்போது ஆர்ம் தானாகப் போய்க் கிளிக்கில் விழும். லீவருக்கு ஒரு கேட் தகடு, அதில் இரண்டு பள்ளம். லீவர் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்த நிலையில் இருக்க வேண்டும். தளராமல் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபோர்க் சுற்றும் காலரில் உரசி உரசித் தேய்ந்துவிடும். நல்ல யூனிட்டைக் கெடுக்க இதைவிட நிச்சயமான வழி கிடையாது.

அட்ஜஸ்ட் செய்வது இப்படி. இணைப்பின் பின்னைக் கழற்றிவிட்டு, ஆர்மை ஸ்பேனரால் ஓவர் கிளிக்குக்குத் தள்ளுங்கள். லீவரை ஓவர் பள்ளத்தில் வையுங்கள். இப்போது பின்னை விரலால் நுழையுங்கள். நுழைந்தால் சரி. தட்டினால்தான் நுழைகிறது என்றால் லாக் நட்டைத் தளர்த்தி ராடின் நீளத்தைத் திருத்துங்கள். அப்புறம் டைரக்ட் பக்கமும் இதே சோதனை. ஒரு பக்கம் சரியாக வந்து மறுபக்கம் வரவில்லையா, ராடில் கை வைக்காதீர்கள், கேட்டின் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்துங்கள். மேஸ்திரி இந்த வேலையின்போது லீவரைப் பிடித்திருந்த என் கையைத் தட்டிவிட்டார். “கைய எடுங்க தம்பி. கை இருந்தா பல்லு எங்க நிக்குதுன்னு தெரியாது.” நிறுத்தி வைப்பது பால்ரஸ்ஸின் வேலை. லீவரோ, ராடோ, கையோ அதில் தலையிடவே கூடாது. இந்த வகை யூனிட் எதை எடுத்தாலும், லீவரை எப்படி மாற்றினாலும், பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

தரையில் லீவர் வரும் துளையைச் சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விட்டு வெட்டினோம். லீவர் யூனிட்டோடு ஆடும்போது தகட்டில் முட்டினால் பாடுபட்டதெல்லாம் வீண். மேலே ரப்பர் பூட். தரையில் பழைய லீவர் இருந்த துளையைத் தகடு வைத்து மூடியாயிற்று, இல்லாவிட்டால் ஆடி மாசத்துச் சாரலில் சேறு நேராக மடியில் வந்து விழும்.

முந்தலிலிருந்து முதலில் லோடு இல்லாமலும், பிறகு லோடோடும் ஏற்றிப் பார்த்தேன். முன்பு விழுந்த வளைவுகளிலெல்லாம் அழுத்திப் பார்த்தும் விழவில்லை. லீவர் மட்டும் இன்ஜினோடு சேர்ந்து லேசாக நடுங்கும். அது பழக்கமாகிவிடும்.

ஓட்டும் முறை பற்றி. மூன்று கியர்ப் பெட்டியில் ஃபர்ஸ்ட் 2.8, செகண்ட் 1.55, டாப் 1. செகண்டுக்கும் டாப்புக்கும் நடுவே பெரிய பள்ளம். மலையில் செகண்டில் இன்ஜின் கத்தும், டாப் போட்டால் இழுக்காது. செகண்டில் ஓவர் போட்டால் 1.16 கிடைக்கிறது. போடிமெட்டுப் பாதையில் வளைவுக்கும் வளைவுக்கும் இடையே வரும் நீளமான துண்டுகளுக்கு அளந்து செய்த மாதிரி இருக்கும். தோட்டக்காரர்கள் இந்த யூனிட்டை விரும்பியது சமதள வேகத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இந்த இடைப்பட்ட கியர்தான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

ஓவருக்குப் போகும்போது கிளட்ச் மிதித்து, ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜின் 2400-லிருந்து 1800-க்கு இறங்க ஒரு மூச்சு நேரம் கொடுத்து லீவரைத் தள்ள வேண்டும். திரும்ப டைரக்ட்டுக்கு வரும்போது கணக்கு தலைகீழ். 1800 சுற்று 2400 ஆக வேண்டும், அதனால் லேசாக ஒரு ஆக்சிலேட்டர் தட்டு. ஸ்பிரிங் இணைப்பு இருப்பதால் லீவரை முதலில் தள்ளிவிட்டுக் காலால் நேரம் பார்த்துக்கொள்ளலாம். வளைவுக்கு நடுவில் மாற்றாதீர்கள். வளைவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இறக்கத்தில் ஓவர் வேண்டவே வேண்டாம். 30 கி.மீ. வேகத்தில் செகண்ட் டைரக்ட்டில் இன்ஜின் 1850 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடி வண்டியைப் பிடிக்கும். ஓவரில் அது 1400-க்குக் கீழே. அந்த வித்தியாசத்தை பிரேக் டிரம் சுமக்க வேண்டும், கீழே முந்தல் வருவதற்குள் அது சூடேறிக் கைவிடும். போடிமெட்டு செக்போஸ்ட்டில் நிற்கும்போதே டைரக்ட்டில் கிளிக் விழுந்திருக்கிறதா என்று லீவரைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

சரிவில் நிறுத்தும்போது ஒரு எச்சரிக்கை. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்தினால் போதும் என்று இருக்கக் கூடாது. ஓவர்டிரைவ் நடுவில் நின்றிருந்தால் கியர் பாக்ஸ் எதில் இருந்தாலும் வண்டி உருளும். இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வெளியீட்டில், ஓவர்டிரைவைத் தாண்டி இருப்பதால் அது மட்டும் எப்போதும் பிடிக்கும். அதை நல்ல நிலையில் வைத்திருங்கள், கல்லும் வையுங்கள். லேக்காக் வகை ஓவர்டிரைவ் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு விதி உண்டு. ஓவர் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் உடைந்துபோகும். யூனிட்டுக்கு யூனிட் குணம் வேறு, எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தொடுங்கள்.

இந்த வேலையைப் பார்க்க வந்தவர்களில் சிலர், “அப்படியே டிரான்ஸ்ஃபர் லீவருக்கு நடுவுல இருக்கிற அந்தச் சின்ன குண்டையும் எடுத்துருங்கண்ணே” என்றார்கள். முன் ஆக்சிலைச் சேர்க்காமல், டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கைக் கூட்டும் லோ கியர் விழாதபடி தடுக்கும் பூட்டு அது. எடுத்துவிட்டால் பின் சக்கரத்தில் மட்டும் லோ போட்டு, இறுக்கமான வளைவில் ஸ்டியரிங் லேசாகத் திரும்பும் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனால் ஃபர்ஸ்டில் லோ போட்டால் ஃபர்ஸ்டின் 2.8, லோவின் 2.46, ஆக்சிலின் 5.38 மூன்றும் பெருகி 37 மடங்கு முறுக்கு. நாலு சக்கரத்துக்குப் பிரிய வேண்டிய அது முழுக்கப் பின் ஆக்சிலின் இரண்டு ஷாஃப்ட்டில் விழும். லோடோடு, கல்லில் ஒரு சக்கரம் மாட்டிய நிலையில் ஷாஃப்ட் முறிவதற்கு அது போதும். நான் எடுக்கவில்லை. ஆள் ஏற்றும் வண்டியில் யாரும் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கடைசியாக ஆயில். இந்த யூனிட்டுக்குத் தனி ஆயில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலில்தான் வாழ்கிறது. அதுவே ஒன்றரை லிட்டர் அளவுதான் பிடிக்கும். பழைய ஜீப்பில் கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள சீல் தேய்ந்து ஆயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். வெளியே சொட்டு இருக்காது, ஆனாலும் ஒரு பக்கம் காய்ந்திருக்கும். அதனால் இரண்டு பிளக்கையும் ஒரே நேரத்தில் திறந்து, வண்டி சமமாக நிற்கும்போது மட்டம் பாருங்கள். ஏத்தத்தில் நிறுத்திப் பார்த்தால் மட்டம் பொய் சொல்லும். கியர் பாக்ஸில் பித்தளை சின்க்ரோ வளையம் இருப்பதால் 90 நம்பர் ஆயிலில் ஜிஎல்-4 என்று டப்பாவில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் ஓடையைக் கடந்து வந்த வாரத்தில் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது, அன்றைக்கே வடித்து மாற்றிவிடுங்கள். லீவர் புஷ்ஷின் நிப்பிளுக்கும் அதே கையோடு கிரீஸ் அடித்துவிட்டால் வேலை முடிந்தது.